மலையிறங்கியோரும் மண்வாசனையும்

1973இல் வெளிவந்த அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்ட வன்னி நாவல். 1974இல் வெளிவந்த தெளிவத்தை ஜோசப்பின் ‘காலங்கள் சாவதில்லை’ தேயிலைத் தோட்டத்தைக் களமாகக் கொண்ட மலையக நாவல். ஈழத்துத் திறனாய்வு இவ்விரண்டையும் தனித்தனிப் பிரதேசங்களுக்கு ஒதுக்கி, மண்வாசனை என்னும் ஒரே அளவுகோலால் அளந்துவிடுகிறது. ஆனால், அதே ஆண்டுகளில் மலையிலிருந்து வன்னிக்கு மக்கள் இறங்கிக்கொண்டிருந்தனர் என்பது இவ்வகைப்பாட்டினுள் அடங்காத உண்மையாகும்.

மலையகத் தோட்டங்கள் உலகச் சந்தையின் ஆக்கம். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தொடங்கிய தேயிலைச் செய்கை அதனிடத்தைப் பற்றிக்கொண்டது. மலைச்சரிவின் காடுகள் அழிந்தன. தென்னிந்தியத் தொழிலாளரின் உழைப்பு தொலைதூர ஏலச்சந்தையின் விலைக்குக் கட்டுப்பட்டது. உலகமயமாக்கம் என்னும் சொல் வழக்கிற்கு வருமுன்னரே அதன் விளைவுகளை அம்மக்கள் அனுபவித்தனர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவு நெருக்கடி பலரைப் பட்டினியால் மடியச் செய்தது. 1977ஆம் ஆண்டு வன்முறை எஞ்சியோரிற் பலரைப் பெயர்த்தது.

வன்னியில் அவர்கள் காடு வெட்டினர். பிறர் வயல்களிற் கூலிகளாயினர். வவுனியாவை மையமாகக் கொண்ட காந்தியம் அவர்தம் குடியேற்றத்திற்குத் துணைநின்றது. கிளிநொச்சியின் பாரதிபுரம், மலையாளபுரம், தொண்டமான் நகர் முதலியன இவ்வரலாற்றின் சாட்சிகள். 2009வரை நீடித்த போரின் இறுதிக்கட்டத்தில் அவர்களும் மீண்டும் பெயர்ந்தனர்.

மண்வாசனைக் கோட்பாட்டின் சாதனை சிறிதன்று. கிராமத்துப் பேச்சுமொழியும் உழைப்பாளர் வாழ்வும் இலக்கியத்துக்கு உரியன என நிலைநாட்டியதில் அதற்குப் பெரும் பங்குண்டு. எனினும், மனிதனுக்கும் மண்ணுக்குமிடையே தலைமுறை தலைமுறையான உறவை அது முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறது. உழைத்த மலையிலும் உரிமையற்று, திருத்திய வன்னி நிலத்திலும் உறுதி பெறாது வாழ்ந்தவனுக்கு எந்த மண்ணின் வாசனையைச் சூட்டுவது? அவன் வன்னி நாவலில் வந்தேறுகுடியாகவும், மலையக நாவலில் தோட்டத்தைவிட்டுப் போனவனாகவும் எஞ்சிவிடுதல் கூடும். ஒரு படைப்பில் மண் எவ்வளவு மணக்கின்றது என்பதோடு திறனாய்வு நின்றுவிடலாகாது. அந்த மண்ணைத் திருத்தியவன் யார், அதன் உறுதி யார் கையில் உள்ளது, அதன் விளைச்சலுக்கு விலை குறிப்பவன் யார் என்பனவும் இலக்கிய வினாக்களேயாம்.