அரக்கும் பால்மரப் பலகையும்

மலாக்காவில் வேன் ஒன்றைக் கேம்பராக மாற்றுகிறவருக்குச் சமையல் மேடைக்கென்று மலிவாகக் கிடைப்பது பால்மரப் பலகைதான், அதாவது ரப்பர் மரப் பலகை. சிறு துண்டுகளைப் பல்லுக்குப் பல் கோத்து ஒட்டிய வெளிர்நிறப் பலகை. 1896இல் தான் சே யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் போட்ட நாளிலிருந்து இந்த மாநிலத் தமிழர் வாழ்க்கை இந்த மரத்தோடு பின்னிக் கிடக்கிறது. 25, 30 வருடம் பால் கொடுத்து ஓய்ந்த மரம் அந்தக் காலத்தில் விறகாகத்தான் போனது. அதன் மாவுச்சத்துக்குப் பூஞ்சையும் வண்டும் விரைந்து வரும். அறுத்த கையோடு போரான் மருந்தேற்றி உலர்த்தும் முறை வந்த பிறகே அது மேசை நாற்காலி ஆனது. மருந்தேற்றினாலும் தண்ணீர் பட்டால் கறுக்கும். ஆகவே மேற்பூச்சு நன்றாக அமைய வேண்டும்.

மரத்தின் அழகு தெரியும்படி பூசும் கலையில் நம் இரு தாய்நிலங்களான இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பொதுவான பழம்பொருள் அரக்கு. மரக்கிளையில் ஒட்டி வாழும் சிறு பூச்சி சுரக்கும் பிசின் அது. பொருள் ஒன்று, கைவழி இரண்டு.

இந்தியாவில் அரக்கேற்றுவது கடைசல் பட்டறையில். அம்பாசமுத்திரத்துச் செப்புச் சாமானும் சன்னபட்டணத்துப் பொம்மையும் இப்படிப் பிறந்தவைதான். சுழலும் மரத்தின் மேல் அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உராய்வுச் சூட்டில் அரக்கு இளகி மரத்தில் பரவும். பிறகு தாழை மடலை வைத்து அழுத்தினால் மேடு பள்ளம் போய்ப் பளபளப்பு ஏறும். தனியாக நெருப்பு வேண்டாம். வேகமும் அழுத்தமும் போதும். வெட்பாலை மரத்துக்கு ஏற்பட்ட இந்த வேலையைச் சன்னபட்டணத்தார் இன்று ரப்பர் மரத்திலும் செய்கிறார்கள்.

இலங்கையிலும் தங்காலைக்கு அருகே அங்குல்மடுவையில் கடைசல் அரக்கு உண்டு. ஆனால் மாத்தளைப் பக்கத்து ஹபுவித கிராமத்து நகவேலைதான் என்னை வியக்க வைக்கிறது. ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட சிங்களக் கலை பற்றிய நூலில் இதை விவரித்திருக்கிறார். கரி நெருப்பில் அரக்கை இளக்கி நூலாக இழுப்பார்கள். சூடு காட்டிய கைத்தடியில் அந்த நூலை வைத்து, வேண்டிய நீளத்தில் கட்டைவிரல் நகத்தால் கத்தரிப்பார்கள். ஓலை நறுக்கால் தேய்த்துச் சமன் செய்வார்கள். கடைசலில் சுழற்ற முடியாத பொருளுக்கும் இது பொருந்தும். இன்னொரு நன்மையை நான் பெரிதாக மதிக்கிறேன். ஓரிடம் உதிர்ந்தால் அந்த இடத்துக்கு மட்டும் சூடு காட்டி மறுபடி ஒட்டலாம். கடைசல் பொருளை அப்படிச் சரிசெய்ய மறுபடி பட்டறைக்கே கொண்டுபோக வேண்டும்.

தட்டைப் பலகைக்கு இந்தியத் தச்சர் அரக்குச் செதிலை ஸ்பிரிட்டில் ஊறவைத்துக் கரைத்து, துணியில் பொதிந்த பஞ்சால் திரும்பத் திரும்பத் தேய்ப்பார். பிரெஞ்சு பாலிஷ் என்பது இதுதான். கதவுக்கும் பீரோவுக்கும் அதற்கு இணை இல்லை. சமையல் மேடைக்கு மட்டும் வேண்டாம். ஈரக் குவளை வைத்தால் வெள்ளை வளையம் விழும். சோப்புத் தண்ணீர் அரிக்கும். சுமார் 80 பாகை செல்சியஸில் உருகும் பொருள் மேல் கொதிக்கும் சட்டியை இறக்கினால் அரக்கு சட்டியோடு வரும்.

அப்படியானால் கடையில் விற்கும் பாலியூரித்தேனா, எப்பாக்சியா, எண்ணெயா? வீட்டில் அசையாமல் கிடக்கும் மேடையென்றால் பாலியூரித்தேன் என்று தயங்காமல் சொல்வேன். தண்ணீரை அது நன்றாகத் தாங்கும். ஆனால் வேன் ஓட ஓடப் பலகை அதிரும், வெயிலில் சுருங்கும், மழையில் ஊதும். கெட்டியான பாலியூரித்தேன் அல்லது எப்பாக்சி ஏட்டில் ஒரு கீறல் விழுந்தால் போதும், ஈரம் அடியில் புகுந்து பலகையைக் கறுக்க வைக்கும். அப்போது முழுப் பலகையையும் தேய்த்தெடுக்க வேண்டும். நகவேலைக்காரர் போல அந்த இடத்திலேயே சரிசெய்யும் வசதி எண்ணெயில்தான் உண்டு. துங் எண்ணெய் அல்லது மெழுகு கலந்த கடின எண்ணெய் வாங்குங்கள். மெல்லப் பூசி, மிச்சத்தைத் துடைத்து, காய்ந்த பின் அடுத்த கை பூசுங்கள். தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் உறிஞ்சத் தொடங்கினால் அங்கே மட்டும் லேசாகத் தேய்த்து மறுபூச்சு கொடுங்கள். சூடான சட்டிக்கு அடியில் எப்படியும் ஒரு மணை வேண்டும்.

சிங்குக்கு வெட்டிய துளையின் விளிம்பில் நார்முனை திறந்திருக்கும். குடிக்கிற வரை அதற்கு எண்ணெய் ஊட்டுங்கள். பலகையின் அடிப்பக்கத்துக்கும் பூசுங்கள். மேலே மட்டும் பூசினால் பலகை வளையும். துடைத்த துணியைச் சுருட்டி வேனுக்குள் போட்டுவிடாதீர்கள். காயும் எண்ணெய் தானே சூடேறித் தீப்பிடிக்கலாம். விரித்துக் கம்பியில் காயப்போடுங்கள், இல்லையேல் தண்ணீரில் அமிழ்த்தி வையுங்கள்.