அட்டையில் இல்லாத பாத்திரம்

சென்ற மாதம் என் தங்கை மகள் அம்பத்தூரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஒரு புதுச் சட்டையுடன் வந்து சேர்ந்தாள். விலை 2,800 ரூபாய். நான் வாய் திறப்பதற்குள், "மாமா, விலையைப் பார்க்காதீங்க. இந்த அட்டையைப் படிச்சுட்டு அப்புறம் சொல்லுங்க" என்றாள்.

படித்தேன். பழுப்புக் காகிதம், சணல் கயிறு, உள்ளங்கையளவு ஒரு கதை. ரசாயன உரம் படாத நிலம், பூச்சிமருந்து காணாத பருத்தி, மிச்சம் பிடித்த தண்ணீர் என்று வர்ணனை வளர்கிறது. மண்புழுகூட ஓர் இடத்தில் தலைகாட்டிவிட்டுப் போகிறது. நடை நன்றாகவே இருக்கிறது. ஆனால் பஞ்சு எப்படிச் சட்டையாயிற்று என்கிற அத்தியாயத்தை மட்டும் காணோம்! செடியிலேயே காலரும் பொத்தானும் காய்த்துத் தொங்கின என்று நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த ஆர்கானிக் துணிக்காரர்களைக் கேலி செய்வது என் நோக்கமல்ல. தண்ணீரைப் பற்றி அவர்கள் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது. நொய்யல் ஆற்றின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் 1992-இல் கட்டி முடித்த அணையில் பாசன நீர் தேங்கவில்லை. திருப்பூர்ச் சாயக் கழிவுதான் தேங்கியது. 2011 ஜனவரியில், கழிவை வெளியே விடாத ஏற்பாடு செய்யும்வரை சாயப்பட்டறைகளை மூடுங்கள் என்று சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட வேண்டியதாயிற்று. ஆற்றைக் கொன்று வாங்கிய சட்டை வேண்டாம் என்று ஒரு பெண் நினைத்தால் அது நல்ல நினைப்பே.

சரி, அட்டை சொல்லும் கதை நிஜந்தானா? 'காட்ஸ்' என்று சுருக்கமாகச் சொல்லும் சர்வதேச முத்திரை இருக்கிறது. நூலில் நூற்றுக்கு 95 பங்கு ஆர்கானிக்காக இருந்தால் ஒரு தரம். 70 பங்கு இருந்தால் இன்னொரு தரம். அந்த முத்திரைக்காரர்களே 2020-இல் நம் நாட்டில் 20,000 டன் பருத்திக்குப் பொய்ச் சான்று இருந்ததைக் கண்டுபிடித்தார்கள். பொய்க் கதையைப் பரிசோதகர்கள் பார்த்துக்கொள்ளட்டும். என் குறை நிஜக் கதையைப் பற்றியது.

எங்கள் பின்கட்டில் குடியிருக்கும் அம்மாள் எஸ்டேட்டில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் டெய்லர். காலையில் டிபன் பாக்ஸும் கையுமாக ஓடுகிற நூற்றுக்கணக்கான பெண்களில் ஒருத்தி. அன்று மாலை அவளிடம் சட்டையைக் காட்டினோம். அட்டையை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சட்டையை உள்பக்கமாகத் திருப்பி, தையலை விரலால் நீவிப் பார்த்தாள்.

"ஓவர்லாக் சுத்தமா இருக்கு சார். காலர் வச்சது நல்ல கை. இப்படி உட்கார வைக்கிறது கஷ்டம். அதுவும் ஒரு மணிக்கு இத்தனை பீஸுன்னு தலைமேல நிக்கும்போது."

நான் படித்ததைவிட அவள் நன்றாகப் படித்துவிட்டாள்! முகம் தெரியாத யாரோ ஒருத்தியின் கையை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. அட்டை எழுதியவருக்குத் தெரியவில்லை.

அந்தக் கைக்கும் ஒரு சரித்திரம் உண்டு. தமிழ்நாட்டில் தையல் தொழிலாளருக்கான குறைந்தபட்சக் கூலியை அரசு 2014 டிசம்பரில் உயர்த்தியது. முதலாளிகள் நீதிமன்றம் போனார்கள். 2016 ஜூலையில்தான் உயர்நீதிமன்றம் தொழிலாளர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மண்புழுவுக்கு இடம் கொடுத்த அட்டையில் இதற்கு ஒரு வரி இல்லை. இத்தனைக்கும் அந்த 'காட்ஸ்' விதிகளிலேயே கூலியும் வேலை நிலைமையும் உண்டு. விதியில் இருப்பவள் கதையில் இல்லை, அவ்வளவுதான்.

எழுத முடியாத அத்தியாயம் என்று சொல்வதற்கில்லை. பொள்ளாச்சியில் 2009-இல் தொடங்கிய 'எத்திகஸ்' நிறுவனம், நெய்தவரின் படத்தையும் பெயரையும், நெய்ய எத்தனை நாள் ஆயிற்று என்பதையும் துணியோடு சேர்த்தே கொடுத்தது. அதுவும் வியாபார உத்திதானே என்பீர்கள். இருக்கட்டும். பெயர் சொல்லிவிட்டால், 'அவருக்கு என்ன கொடுத்தீர்கள்?' என்று கேட்க வாங்குகிறவருக்கு வழி கிடைக்கிறது. பெயரில்லாதவருக்காக யார் கேட்பது?

அம்பத்தூரிலிருந்து மூன்றாவது ஸ்டேஷன் ஆவடி. 1955 ஜனவரியில் அங்கே கூடிய காங்கிரஸ் மகாசபை, சோஷலிஸ பாணிச் சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் போட்டது. அந்தத் தீர்மானத்தைச் சட்டை அட்டையில் அச்சடிக்கச் சொல்லவில்லை. தைத்தவள் பெயரும் அவள் வாங்கிய கூலியும் இருந்தால் போதும்.

"அடுத்த தடவை கடையிலேயே கேட்டுடறேன் மாமா" என்றாள் தங்கை மகள்.

கேட்கட்டும். பதில் கிடைக்கிறதோ இல்லையோ, கதையில் ஒரு பக்கம் கிழிந்திருப்பது வாசகிக்குத் தெரிந்துவிட்டது என்பதாவது கடைக்காரருக்குத் தெரியும்.