கணினி முகப்பின் வரலாறும் அதை எழுதுவோரும்

மனிதன் கணினியோடு உரையாடுதற்கு அமைந்த முகப்பை இடைமுகம் என்பர். திரையில் தோன்றும் சாளரம், படக்குறி, பட்டியல், அவற்றைத் தொட்டுக்காட்டும் சுட்டி ஆகியவை அதன் உறுப்புகள். இவை வளர்ந்த வரலாற்றைக் கூறுவோர் பலரும் ஒரே கதையைச் சொல்லி வருகின்றனர். செராக்ஸ் நிறுவனம் கண்டுபிடித்தது. கண்டதன் அருமை அறியாது கைவிட்டது. 1979 டிசம்பரில் அதன் பாலோ ஆல்டோ ஆய்வகத்தைப் பார்வையிட்ட ஸ்டீவ் ஜாப்ஸ் அதனைக் கவர்ந்து சென்றார் என்பதே அக்கதை. கேட்பதற்குச் சுவையானதுதான். ஆயினும் வரலாறாகுமா என்பது ஆராயத்தக்கது.

டக்ளஸ் ஸ்மித், ராபர்ட் அலெக்சாண்டர் ஆகிய இருவரும் 1988இல் வெளியிட்ட நூலின் பெயரே, எதிர்காலத்தைக் கைநழுவ விட்டமை என்னும் பொருளது. நூலைத் திறக்குமுன்பே தீர்ப்பு வழங்கப்பட்டுவிடுகிறது. 1999இல் நூல் எழுதிய மைக்கேல் ஹில்ட்சிக் இவ்வகையில் நடுவுநிலை மிக்கவர். அதே ஆய்வகத்தில் உருவான லேசர் அச்சுப்பொறி செராக்சுக்குப் பெருஞ்செல்வம் ஈட்டித் தந்ததை அவர் நினைவூட்டுகிறார். சாளரமும் படக்குறியும் கொண்ட 'ஸ்டார்' கணினியை 1981இல் அந்நிறுவனமே விற்பனைக்குக் கொண்டுவந்ததும் மறக்கற்பாலதன்று.

கவர்ந்து சென்றார் என்னும் கூற்றும் ஆண்டுகளின் முன் நிற்கவில்லை. ஆப்பிளின் 'லிசா' திட்டம் 1978இலேயே தொடங்கிவிட்டது. 'மெக்கின்டாஷ்' திட்டத்தை ஜெஃப் ராஸ்கின் தொடங்கியதும் அப்பார்வைக்கு முன்னரே. செராக்சும் வாளா கதவு திறக்கவில்லை; ஆப்பிளின் பங்குகளை வாங்கும் வாய்ப்பைப் பெற்றே திறந்தது.

இனி, வேர் எங்கே? 1963இல் ஐவன் சதர்லண்ட் ஒளிப்பேனாவால் திரையில் படம் வரைந்து காட்டினார். 1968 டிசம்பர் 9ஆம் நாள் டக்ளஸ் எங்கெல்பார்ட் சான்பிரான்சிஸ்கோவில் சுட்டியை அவையோர் முன் இயக்கினார். அந்நிகழ்ச்சி படமாக்கப்பட்டதால் அவர் புகழ் நிலைத்தது. மரத்தால் முதற் சுட்டியைச் செய்து, அன்றைய அரங்கேற்றத்தின் கருவிகளையெல்லாம் இணைத்து நடத்திய பில் இங்கிலீஷின் பெயரை எத்தனை பேர் அறிவர்? அவ்வாண்டு அக்டோபரிலேயே ஜெர்மனியின் டெலிஃபுங்கன் நிறுவனம் உருளும் பந்துடைய சுட்டியை அறிவித்திருந்தது என்பதையோ?

எவர் முதல்வர், எவர் கள்வர் என்று வினவுவோர் காணத் தவறுவது ஒன்றுண்டு. ஒரு கருத்து கைமாறுந்தோறும் உருமாறுகிறது. எங்கெல்பார்ட் வலக்கையில் சுட்டியும் இடக்கையில் ஐந்து விசைகள் கொண்ட கருவியும் கொடுத்தார். பயன்படுத்துவோன் முயன்று பயிலட்டும், பயின்றபின் அவன் ஆற்றல் பெருகும் என்பது அவர் கொள்கை. செராக்சின் 'ஆல்டோ' கணினியில் சுட்டிக்குப் பொத்தான்கள் மூன்று. ஆப்பிளோ ஒன்றே போதும் என்றது. முதன்முதல் தொடுபவனும் மயங்கலாகாது என்பது அதன் கருத்து.

கற்பவனைக் கருவிக்குப் பழக்குவதா, கருவியைக் கற்பவனுக்கு இசைவிப்பதா? ஆசிரியருலகம் நன்கறிந்த இவ்வினாவே பொத்தான்களின் எண்ணிக்கையில் மறைந்து கிடக்கிறது. கண்டுபிடித்தவனையும் விற்றவனையும் மட்டும் எழுதி, பயன்படுத்தியவனை விட்டுவிடும் நூல் வழக்குரையாக இருக்கலாம்; வரலாறு ஆகாது.