கொம்பேறிமூக்கன்: ஒரு கதையும் சில பிணங்களும்

"கடிச்சிட்டு, சுடுகாட்டு மரத்துல ஏறி, பொணம் வேகுற புகையப் பாத்துட்டுத்தான் எறங்கும்." புதுக்கோட்டைச் சீமையின் முந்திரிக் காடுகளில் கேட்டு வளர்ந்த கதை இது.

இந்தப் பிரதிக்குள் இரண்டு பாம்புகள் இருக்கின்றன. ஒன்று நிஜமானது. மெலிந்த உடல், பெரிய கண். பகலில் ஓணான், பல்லி, மரத்தவளை தேடித் தின்னும். வயிற்றுச் செதில்களின் ஓரம் மடிந்திருப்பதால் கிளையைப் பற்றி ஏறுகிறது. மனிதனைக் கொல்லும் விஷம் அதனிடம் இல்லை. மற்றொன்றிடம் இருப்பவை நினைவு, பகை, காத்திருப்பு. கொம்பிலிருந்து உற்றுப் பார்க்கும் அந்தக் கண்ணிலிருந்தே இரண்டாவது பாம்பு பிறந்திருக்க வேண்டும்.

1993இல் வந்த 'ஜுராசிக் பார்க்', வான்கோழி அளவேயான வெலாசிராப்டரை ஆள் உயரத்துக்கு வளர்த்தது. ஹாலிவுட் உடலைப் பெருக்கியது என்றால் நம் கதையாடல் நோக்கத்தைப் பெருக்கியது. 'நீயா?' (1979) அந்தப் பழிவாங்கலைத்தான் டிக்கெட் போட்டு விற்றது.

'மூடநம்பிக்கை' என்று ஒதுக்கிவிட்டுப் போவது தோழர்களுக்குச் சுலபம். நானும் அப்படிப் பேசியவன்தான். ஆனால் இந்தக் கதை யாரைக் காப்பாற்றுகிறது? இங்கே அதிகம் கொல்பவை நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். பல சமயம் வலியே தெரியாது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடிச் சாவுகள் சுமார் 12 லட்சம் என 2020இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. பெரும்பாலோர் கிராமத்து மக்கள். கட்டிலும் செருப்பும் டார்ச்சும் இல்லாமல் செத்தவர்கள் அதில் எத்தனை பேர்? கதையோ, "அவன் பாம்ப அடிச்சான், அது பழிதீத்துக்கிருச்சு" என்கிறது. செத்தவனே குற்றவாளி. குடிசை, கூலி, மருந்து கிடைக்காத ராத்திரி எல்லாம் பிரதிக்கு வெளியே நிற்கின்றன.

அதற்காகக் கதை முழுப்பொய் என்று சொல்ல மாட்டேன். தன் சாவை மேலே உட்கார்ந்து ஒருவன் வேடிக்கை பார்க்கிறான் என்பது ஏழையின் அனுபவம். கதை அந்த அனுபவத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறது, ஆளைத்தான் மாற்றிவிட்டது. பாவம், விஷமில்லாத ஒரு ஜீவன் அந்தப் பழியைச் சுமந்து அடிபட்டுச் சாகிறது.

பாம்புக்கடியைக் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாகத் தமிழ்நாடு அறிவித்தது 2024இல்தான். அதுவரை, கதைப்படி பார்த்தால், நம் பிணங்களைச் சரிபார்த்தது கொம்பேறிமூக்கன் மட்டுமே. இனி எண்ணிக்கை வரும். எண்ணினால் மட்டும் போதுமா? கடிபட்டவர் போய்ச் சேரும் முதல் ஆஸ்பத்திரியில், அந்த ராத்திரியில், விஷமுறிவு மருந்தும் அதைப் போடத் தெரிந்த ஆளும் இருக்கிறார்களா என்பதே நாம் கேட்க வேண்டியது.