பின்கதவுப் பொத்தான்: பழுது சின்னது, அடைப்பதுதான் வேலை

காடியின் பின்கதவு திறக்கவில்லை என்றால், புதுப் பூட்டு வாங்குவதற்கு முன் கதவருகே நின்று காதைக் கொடுங்கள். முதலில் நான்கு கதவுகளின் பூட்டும் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பொத்தானை அழுத்துங்கள். உள்ளே மோட்டார் 'டக்' என்று இழுக்கும் சத்தம் கேட்டும் கதவு எழும்பவில்லை என்றால் கோளாறு பூட்டில் இருக்கிறது. சத்தமே இல்லை என்றால் பெரும்பாலும் பொத்தான், கம்பி, ஃபியூஸ், மோட்டார் ஆகிய நான்கில் ஒன்று. எங்கள் வீட்டுக் காடியில் சத்தமே இல்லை. காய்ந்த நாளில் திறக்கும், மழை பெய்த மறுநாள் திறக்காது. மழைக்கு ஏற்றபடி மாறும் கோளாறு என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது பொத்தானைத்தான்.

எந்த நிறுவனத்துக் காடி என்பது இங்கே முக்கியமில்லை. எண் தகட்டுக்கு மேலே, விரலால் தடவிப் பார்த்தால் அகப்படும் அந்த ரப்பர்ப் பொத்தான் இன்று பல நிறுவனத்து வண்டிகளில் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கிறது. பெரோடுவா மைவி போன்ற ஐந்து கதவுக் காடி மலேசியாவில் சாதாரணம். எங்கள் செலண்டார் மாதிரி ஊரில் அதன் பின்கதவுக்கு ஓய்வே கிடையாது. கேஸ் சிலிண்டர், அரிசி மூட்டை, செம்பனைக்கு உரம், பிள்ளைகளின் பள்ளிப்பை எல்லாம் அந்த வழியாகத்தான் ஏறி இறங்குகின்றன. பெரிய சர்வீஸ் நிலையம் வேண்டுமென்றால் நாங்கள் ஜாசினுக்கோ மலாக்கா நகருக்கோ போகிறோம். ஒரு பொத்தானுக்காக அரை நாள் வேலையை விட முடியாதவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பொத்தான் கதவைத் திறப்பதில்லை, 'திற' என்று சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. ரப்பர் உறைக்கு அடியில் ஒரு குட்டி சுவிட்ச். அதை அழுத்தினால் இரண்டு கம்பிகள் சேர்ந்து, காடியின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் செய்தி போகிறது. பூட்டு திறந்திருக்கிறதா, சாவி அருகில் இருக்கிறதா என்று அந்தப் பெட்டி பார்த்துவிட்டுப் பூட்டின் மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கிறது. இந்த வகையில் சுவிட்ச் வழியாகப் போவது மிகச் சிறிய மின்னோட்டம். அதனால்தான் இதை வீட்டிலேயே மாற்றலாம் என்று துணிந்து சொல்கிறேன். சில பழைய வண்டிகளில் மோட்டாருக்கான மின்சாரம் முழுவதும் பொத்தான் வழியாகவே போகும். அங்கே இந்தக் குட்டி சுவிட்ச் தாங்காது, கருகிவிடும்.

கெடுவது முதலில் உறைதான். விரலில் கறுப்பாக ஒட்டிக்கொண்டு, ஒட்டுப்பால் மாதிரி இழுபடும். ரப்பருக்குப் பேர்போன மண்ணில் இருப்பவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். தாவரவியலாளர் ஹென்றி ரிட்லியின் தூண்டுதலால் மலாக்கா வணிகர் டான் சே யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டங்களில் அது ஒன்று. அடுத்து நட்ட பெரிய தோட்டம் நம் பக்கத்துப் புக்கிட் அசஹானில். அந்தப் பால்மரத்து ரப்பர் வயதானால் பெரும்பாலும் வெடித்துப் பிளக்கும். பொத்தானின் உறையோ பெரும்பாலும் ஆலையில் செய்த செயற்கைப் பொருள். அதில் பாலியூரித்தேன் போன்ற வகைகள் வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் மூலக்கூறு அளவில் அறுந்து பிசுபிசுக்கத் தொடங்கும். வெயிலும் சாயங்கால மழையும் மாறி மாறி அடிக்கும் நம் ஊரில் அதற்கு நீண்ட ஆயுள் எதிர்பார்க்க முடியாது. டொயோட்டா பிரியஸின் இரண்டாம் தலைமுறை வண்டிகளிலும் பின்கதவு ரப்பர் இப்படி உருகியது உலகம் முழுக்கத் தெரிந்த கதை. உறை பிளந்ததும் தண்ணீர் உள்ளே போகிறது, செம்பு பச்சை பூக்கிறது.

கதவு மூடியபடியே நின்றுவிட்டால் பின் இருக்கையை மடித்து உள்ளே தவழ்ந்து போக வேண்டும். பல காடிகளில் கதவின் உட்பக்கத் தட்டில் சிறு மூடி இருக்கும். அதைக் கழற்றி ஸ்க்ரூடிரைவரால் நெம்புகோலைத் தள்ளினால் திறந்துவிடும். திறந்ததும் உட்தட்டின் திருகுகளைக் கழற்றி, பிளாஸ்டிக் நெம்பியால் ஓரமாக இழுக்க வேண்டும். இரும்பு நெம்பி வேண்டாம், பெயிண்ட் போய்விடும். வெயிலில் காய்ந்த கிளிப்புகள் உடையும் என்று எதிர்பார்த்து ஒரு பாக்கெட் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். உள்ளே எட்டிப் பார்த்தால் பொத்தானின் இணைப்பு தெரியும்.

எல்லாவற்றையும் விடப் பயனுள்ள சோதனை இது. கதவைத் தூக்கியபடியே வைத்து, பூட்டின் நாக்கை ஸ்க்ரூடிரைவரால் தள்ளி, மூடிய நிலைக்குக் கொண்டு வாருங்கள். பொத்தானின் இணைப்பைக் கழற்றி, காடிப் பக்கத்து இரண்டு துளைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் ஒரு நொடி சேருங்கள். நாக்கு விடுபட்டால் மோட்டார், ஃபியூஸ், கம்பி எல்லாம் நல்ல நிலையில் இருக்கின்றன, பொத்தான் மட்டும்தான் கெட்டது. இரண்டு கம்பி உள்ள இணைப்பில் மட்டும் இதைச் செய்யுங்கள். கேமராவும் சேர்ந்து நாலைந்து கம்பி ஓடும் இணைப்பில் கை வைக்க வேண்டாம். நாக்கு விடுபடவில்லை என்றால் கையால் நெம்பி விடுவித்த பிறகே கதவை இறக்குங்கள்.

கழற்றிய பொத்தானை மல்டிமீட்டரில் பார்த்தேன். நல்ல சுவிட்ச் அழுத்தும்போது சுழியம் ஓம் பக்கம் வரும், விட்டதும் இணைப்பே இருக்காது. எங்களுடையது அழுத்தினால் எண்கள் அலைபாய்ந்தன. இதற்கு நேர்மாறான கோளாறுதான் ஆபத்து. அழுத்தாமலே ஈரம் இரண்டு கம்பியையும் சேர்த்துவிட்டால் கதவு தானே திறக்கும். பல காடிகளில் வண்டி ஓடும்போது கட்டுப்பாட்டுப் பெட்டி அந்தச் செய்தியைக் கண்டுகொள்ளாது. எல்லாக் காடியையும் அப்படி நம்ப முடியாது.

இனி மூன்று வழி. நிறுவனத்து அசல் பொத்தான் பெரும்பாலும் குரோம் பட்டையோடு முழுத் தொகுதியாகத்தான் கிடைக்கும். விலை கூடுதல், ஆனால் அடைப்பு நேர்த்தி. இணையத்தில் வாங்கும் மாற்றுப் பொத்தானையும் வாங்கிப் பார்த்தேன். அச்சு சரியாகப் பொருந்துகிறது, அழுத்தும்போது மட்டும் 'கிளிக்' கொஞ்சம் மழுங்கல். உண்மையான குறை பின்பக்கம் இருக்கிறது. கம்பி வெளிவரும் இடம் அடைக்கப்படவே இல்லை. அப்படியே மாட்டினால் பழைய கதைதான்.

மூன்றாவது வழி, பழைய கூட்டைத் திறந்து உள்ளிருக்கும் குட்டி சுவிட்சை மட்டும் மாற்றுவது. 6 x 6 மில்லிமீட்டர் சதுர சுவிட்ச், பொதுவாக 12 வோல்ட், 50 மில்லி ஆம்பியர் தாங்கும். மின்னணுக் கடையில் சில காசுகளுக்குக் கிடைக்கிறது. நான் தேர்ந்தெடுத்தது இதைத்தான். வாங்கும்போது தண்டின் உயரத்தை அளந்து வாங்குங்கள். உயரம் கூடினால் பொத்தான் எப்போதும் அழுந்தியே இருக்கும், குறைந்தால் விரல் எட்டாது. நான்கு கால்களில் இரண்டிரண்டு உள்ளுக்குள்ளேயே சேர்ந்தவை. குறுக்கு மூலைக் கால்கள் இரண்டில் கம்பியை சால்டர் செய்தால் குழப்பம் வராது. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள்.

சுவிட்சை மாற்றிய கூட்டை அடைக்க சிலிக்கான் குழாயை எடுத்தபோது, பக்கத்து வீட்டில் காடி பழுதுபார்க்கும் போர்மன் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "எந்த சிலிக்கான் தம்பி அடிக்கிற? புளிச்ச வாடை வருதா?" என்று கேட்டார். "இல்லண்ணே, வாடையே இல்லாதது" என்றேன். அவர் கேட்டதில் பெரிய விஷயம் இருக்கிறது. வினிகர் வாடை வரும் சிலிக்கான் காயும்போது அசிட்டிக் அமிலத்தை விடும், அது செம்பை அரிக்கும். நடுநிலை வகை என்று குழாயில் போட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். கூட்டின் விளிம்பிலும் கம்பி நுழையும் துளையிலும் மெல்லியதாக அடித்து, ஒரு நாள் காய விடுங்கள். தண்டின் மேல் ஒரு சொட்டும் படக்கூடாது. உருகிப்போன உறைக்குப் பதிலாக மோட்டார்சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி, பஞ்சர் பசையால் ஒட்டினேன். டியூப் பெரும்பாலும் பியூட்டைல் ரப்பர், ஈரத்துக்குப் பிசுபிசுக்காது. பழைய கறையைத் துடைக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும், தின்னரைப் பெயிண்டின் பக்கமே கொண்டு போகாதீர்கள்.

மாட்டிய பிறகு நல்ல மழைகளைப் பார்த்துவிட்டது. பொத்தான் முன்னைவிடக் கொஞ்சம் கடினமாக அழுந்துகிறது, தவறாமல் திறக்கிறது. பார்வைக்கு அசல் போல இருக்க வேண்டும் என்பவர்கள் இணையப் பொத்தானை வாங்கி, பின்பக்கத்தை அடைத்து மாட்டுங்கள். சால்டர் பிடித்துப் பழக்கமில்லாதவர்களுக்கும் அதுவே நல்லது. மோட்டாரால் தானே ஏறி இறங்கும் பின்கதவு உள்ள வண்டி என்றால் போர்மனிடமே விடுங்கள், விரல் நசுங்கும் ஆபத்து இருக்கிறது. கம்பிகளைச் சேர்த்தும் நாக்கு அசையவில்லை என்றால் ஃபியூஸைப் பார்த்துவிட்டு, கீலுக்கு அருகே கம்பிகள் புகுந்து போகும் ரப்பர்க் குழாயை உருவிப் பாருங்கள். கதவு ஏறி இறங்கி அங்கேதான் கம்பி ஒடியும்.