ஃபிஷர்வுமன் அண்ட் டுக் டுக் – குறும்படத் திறனாய்வு

'ஃபிஷர்வுமன் அண்ட் டுக் டுக்' சுரேஷ் எரியட் இயக்கிய, வசனமில்லாத அசைவூட்ட நகைச்சுவைக் குறும்படம். மும்பையிலுள்ள ஸ்டூடியோ ஈக்சாரஸ் இதைத் தயாரித்தது. 2015ஆம் ஆண்டுக்கான 63ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த அசைவூட்டப் படமாகத் தேர்வு பெற்றது. கடற்கரை ஊர் ஒன்றில் வாழும் மீனவப் பெண்ணுக்குச் சொந்தமாக ஓர் ஆட்டோ வேண்டும் என்பது தீராத ஆசை. அந்த ஆசையும், வண்டி கைக்கு வந்தபின் அவள் ஓட்டும் ஓட்டமுமே கதை.

தமிழ்த் திரையில் மீன்காரம்மாவுக்கு நெடுங்காலமாக ஒரே வேலைதான்: இடுப்பில் கூடையும் வாயில் வசவுமாக வந்து, சென்னைத் தமிழில் நான்கு சொல் பேசிச் சிரிப்பு மூட்டிவிட்டுப் போவது. சிரிப்பவர் அவளுடைய பேச்சைக் கேட்டே சிரிப்பார். அவளுக்கு ஓர் ஆசை இருக்கும் என்று அக்காட்சிகளை எழுதியவர்கள் எண்ணியதாகத் தெரியவில்லை. இக்குறும்படத்தில் பேச்சு இல்லை. எனவே அந்த மலிவான வழி அடைபட்டுவிட்டது. சிரிப்பு அவளுடைய ஆசையின் அளவிலிருந்தும் வண்டியின் வேகத்திலிருந்தும் வருகிறது. கதையை நடத்துபவள் அவளே. படத்தின் முதற்சிறப்பு இதுவே.

பெசன்ட் நகர்வாசிகளுக்கு இப்பெண் அயலாள் அல்லள். எலியட்ஸ் கடற்கரையை ஒட்டியே ஊரூர் ஆல்காட் குப்பமும் ஓடைக்குப்பமும் உள்ளன. ஆனால் அக்கடற்கரையில் படமெடுக்க வருபவர்களின் கேமரா பெரும்பாலும் ஷ்மிட் நினைவுச் சின்னத்தின் பக்கமே திரும்புகிறது. 1930இல் கடலில் மூழ்கியவரைக் காப்பாற்றப் போய் உயிரிழந்த டென்மார்க் மாலுமியின் நினைவாக எழுந்த சின்னம் அது; மதிக்கத்தக்கதே. சற்றுத் தள்ளிச் சங்கராவும் நெத்திலியும் விற்கும் பெண்களோ, காட்சிக்குள் வந்தாலும் பின்புலமாகவே நின்றுவிடுகிறார்கள்.

ஆட்டோ ஆசையை வேடிக்கையாக மட்டும் பார்ப்பதும் பிழை. மீன் விற்கும் பெண்ணுக்குப் பெரிய இடர் போக்குவரத்துதான். கூடையைக் கண்டதும் முகம் சுளிக்கும் பயணிகளும் ஏற்ற மறுக்கும் வண்டிகளும் அன்றாட அனுபவம். 2021 டிசம்பரில் கன்னியாகுமரி மாவட்டம் குளச்சலில், நாற்றம் அடிப்பதாகக் கூறி மீன் விற்கும் மூதாட்டி ஒருவரைப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டனர். பேருந்து நிலையத்திலேயே அவர் நியாயம் கேட்ட காணொளி பரவிற்று, முதலமைச்சர் கண்டித்தார், பணியாளர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டனர். அந்த மூதாட்டியை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், தானே ஓட்டும் வண்டியில் அமர்ந்திருக்கும் பெண்ணின் களிப்புக்கு வேறு பொருள் கிடைக்கிறது. யாரும் அவளை இறங்கச் சொல்ல முடியாது.

குறைகளும் உண்டு. 'டுக் டுக்' என்று சென்னையில் யாரும் சொல்வதில்லை. 'ஆட்டோ' என்றால்தான் புரியும். தாய்லாந்து போன்ற நாடுகளுக்குச் செல்லும் சுற்றுலாப் பயணிகளின் வாயில் புழங்கும் பெயர் அது. கதைத்தலைவி ஆசைப்பட்ட பொருளை அவளுடைய சொல்லால் அழைத்திருக்கலாம். வசனத்தை நீக்கியதால் வந்த நன்மைக்கும் ஒரு விலை இருக்கிறது. எந்தக் கரையைச் சேர்ந்தவள், எந்த மொழிக்காரி என்பது பிடிபடுவதில்லை. எந்த நாட்டு விழாவிலும் திரையிட இது வசதிதான். ஆனால் மீன் விற்பவளுக்குக் குரல்தான் பாதி முதல். "வஞ்சிரம்மா, வஞ்சிரம்!" என்று தெருமுனையில் எழும் குரலைக் கேட்டே கதவைத் திறக்கும் வீடுகள் இன்னும் உண்டு. ஏளனம் செய்யாமலேயே அந்தக் குரலையும் சிரிப்புக்குள் கொண்டுவந்த அசைவூட்டப் படம் தமிழில் எடுக்கப்பட வேண்டியிருக்கிறது.