மரகதத் தீவும் மறைக்கப்பட்ட அயர்லாந்தும்

ஆர்தர் சலிவன் 1900 நவம்பரில் இறந்தபோது முற்றுப்பெறாத இசைநாடகம் ஒன்றை விட்டுச் சென்றார். எட்வேர்ட் ஜேர்மன் அதற்கு எஞ்சிய இசையை அமைத்தார். படை அதிகாரியாக இருந்து எழுத்தாளரான பசில் ஹுட் எழுதிய இந்த 'மரகதத் தீவு', 1901 ஏப்ரல் 27ஆம் நாள் இலண்டன் சவோய் அரங்கில் மேடையேறி, இருநூறு தடவைகளுக்கு மேல் ஆடப்பட்டது. டொய்லி காட் குழுவினர் அதனை ஊரூராகவும் கொண்டு சென்றனர். விக்டோரியா மகாராணி மறைந்து அப்போது மூன்று மாதங்களே கழிந்திருந்தன. நாடகத்தின் உள்ளம் முற்றிலும் அவர் காலத்ததே.

கதை நூறாண்டுகளுக்கு முந்திய அயர்லாந்தில் நிகழ்கின்றது. ஆங்கில அரசப் பிரதிநிதி தம் குடிகளை ஆங்கிலேயராக்கிவிட முனைகின்றார். இங்கிலாந்தில் கல்வி கற்ற கிளர்ச்சிக்காரன் ரெறன்ஸ் ஊர் திரும்பினால், அங்கே குடியானவர்கள் தம் பேச்சையும் ஆட்டத்தையும் மறந்து நிற்கின்றனர். அவர்களுக்கு ஆங்கில உச்சரிப்புப் பழக்கவெனப் பிரபு அழைத்த பேராசிரியர் பன், பிள்ளைகளின் விருந்துகளில் வித்தை காட்டுபவர். அவர் கட்சி மாறி, ஐரிஷ் மக்களுக்கே ஐரிஷ்காரராய் இருப்பது எவ்வாறெனப் பாடம் நடத்தத் தொடங்குகின்றார்!

இது நல்ல நகைச்சுவை, மறுப்பதற்கில்லை. ஆனால் எதைக் கண்டு சிரிக்கின்றோம்? 1892இல் டக்ளஸ் ஹைட் டப்ளினில் ஆங்கிலமயத்திலிருந்து அயர்லாந்தை மீட்பது பற்றி உரையாற்றினார். அடுத்த ஆண்டு கேலிக் சங்கம் தோன்றியது. ஒரு சமூகத்தின் உயிர்ப்பிரச்சினையாக அங்கு எழுந்தது, சவோயில் வித்தைக்காரனின் கோமாளித்தனமாகச் சுருங்கிவிட்டது. அம்மொழி ஒரு பிரபுவின் விசித்திர ஆசையால் தேயவில்லை. 1840களின் பெரும் பஞ்சத்தில் சுமார் பத்து இலட்சம் பேர் மடிந்தனர். அதிலும் மிகையானோர் கப்பலேறினர். 1841இல் எண்பது இலட்சத்தைத் தாண்டியிருந்த சனத்தொகை 1901இல் நாற்பத்தைந்து இலட்சமளவில் நின்றது. குத்தகைப் பணம், குடியெழுப்பல், ஆங்கிலப் பள்ளிக்கூடம் ஆகியவையே அம்மொழியின் எமன்கள். அவற்றை ஹுட்டின் பாத்திரங்கள் அறியவே மாட்டா. மரணதண்டனை பன்னின் சொற்புரட்டால் நீங்குகின்றது, கிளர்ச்சிக்காரனுக்குப் பிரபுவின் மகள் கிடைக்கின்றாள், யாவும் சுபம்.

ஒரே ஓரிடத்தில் நாடகம் உண்மையாக மூச்சு விடுகின்றது. பிடில் வாசிக்கும் மேர்பி குருடனல்லன். மொலி என்ற பெண்ணின் பரிவை இழக்க அஞ்சி அவன் குருடனாக நடிக்கின்றான். அப்பொய்யின் வேதனையை ஹுட் உணர்ந்தே எழுதியிருக்கிறார்.

ஆறு மாதங்களின் பின், 1901 அக்டோபர் 21இல், டப்ளினின் கெயிட்டி அரங்கில் ஹைட் எழுதிய 'கயிறு திரித்தல்' ஐரிஷ் மொழியிலேயே ஆடப்பட்டது. நாடோடிக் கவிஞனாக ஹைட்டே நடித்தார். மணம் பேசப்பட்ட பெண் ஒருத்தியை அக்கவிஞன் மயக்குகின்றான். அவனது சாபத்துக்கு அஞ்சும் ஊரார் வெளியேறும்படி சொல்லத் துணியவில்லை. வைக்கோற் கயிறு திரித்துத் தரும்படி கேட்கின்றனர். திரித்தவாறே பின்னோக்கி நடந்தவன் வாசலைத் தாண்டுகின்றான்.

இதிலும் குத்தகைப் பிரச்சினை இல்லையே என்று வாதிடலாம். இல்லைதான், அது ஹைட்டின் எல்லை. ஆயினும் அவ்வூராருக்குத் தம் மொழியைக் கற்பிக்கப் பன் எவரும் தேவைப்படவில்லை. சூழ்ச்சி அவர்களுடையது, சிரிப்பும் அவர்களுடையது. கவிஞன் வெளியே கால் வைத்ததும் கதவைச் சாத்துபவர்களும் அவர்களே.